ஆடியோஸ்லேவ்: மூன்று ஆல்பத்தில் உச்சிக்குப் போன சூப்பர்குரூப் ஏன் உடைந்தது?

அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவப் பட்டியலில் 2023-ல் ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் இடம்பிடித்தது. 2025-ல் சவுண்ட்கார்டன் சேர்ந்தது. இரண்டும் 1990-களின் ராக் இசையை மாற்றிய குழுக்கள். இந்த இரண்டிலும் இருந்தவர்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒரு குழுவை நடத்தினார்கள். அதன் பெயர் ஆடியோஸ்லேவ். முதல் ஆல்பம் அமெரிக்காவில் 30 லட்சம் பிரதிகள். இரண்டாவது, பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடம். மூன்றாவது வெளியான ஐந்தே மாதத்தில் குழுவே இல்லை.

ஏன்? பாடகரின் ஈகோ, கிட்டாரிஸ்ட்டின் அரசியல், பணம் என்று பல பதில்கள் சொல்லப்படுவதுண்டு. தேதிகளையும் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொரு விடை தெரிகிறது.

முதலில், சூப்பர்குரூப் என்றால் என்ன?

ஏற்கெனவே வேறு குழுக்களில் பெயர் வாங்கியவர்கள் ஒன்று சேர்ந்து அமைக்கும் புதுக் குழுதான் சூப்பர்குரூப். 1960-களின் கடைசியில் இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் 1966-ல் தொடங்கிய 'கிரீம்' இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் முதல் உதாரணம்.

நமக்குப் பழக்கமான சொல்லில் சொன்னால், இது ஒரு கூட்டணி. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கட்சி, சொந்தச் சின்னம், சொந்தத் தொண்டர்கள் உண்டு. கூட்டணிக்கு முதல் நாளே கூட்டம் சேரும். ஆனால் அந்தக் கூட்டம் யாருக்காக வந்தது என்ற கேள்வி கடைசிவரை இருந்துகொண்டே இருக்கும்.

இரண்டு குழுக்கள் எப்படி மூடப்பட்டன?

சவுண்ட்கார்டன், சியாட்டில் நகரத்துக் குழு. 1984-ல் தொடங்கியது. 1994-ல் வந்த 'சூப்பர்அன்னோன்' ஆல்பம் பில்போர்டில் முதலிடம் பிடித்து, அமெரிக்காவில் மட்டும் 50 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. பாடகர் கிறிஸ் கார்னெலின் குரல் அடித்தொண்டையில் தொடங்கி உச்சஸ்தாயி வரை ஒரே மூச்சில் ஏறக்கூடியது. 1997 ஏப்ரலில் குழு கலைந்தது. கார்னெல் 1999-ல் தனி ஆல்பம் ஒன்றை வெளியிட்டார்.

ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின், லாஸ் ஏஞ்சலீஸ் குழு. சுருக்கமாக 'ரேஜ்' என்பார்கள். ஹார்ட் ராக் இசையின் மேல் ராப். ராப்பில் முழுக்க முழுக்க அரசியல். 1992-ல் வந்த முதல் ஆல்பம் 30 லட்சம் பிரதிகள். அடுத்த இரண்டும் பில்போர்டில் முதலிடம். பாடகர் ஸாக் டி லா ரோச்சா 2000 அக்டோபரில் விலகினார். குழுவாக முடிவெடுக்கும் முறையே தோற்றுவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கிட்டாரிஸ்ட் டாம் மொரெல்லோ, பேஸ் வாசிக்கும் டிம் கமர்ஃபோர்ட், டிரம்மர் பிராட் வில்க் மூவரும் பாடகர் இல்லாமல் நின்றார்கள்.

ஒரு பக்கம் குழு இல்லாத பாடகர். மறுபக்கம் பாடகர் இல்லாத குழு. இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் முடிவும் இங்கேதான் இருக்கிறது.

19 நாளில் 21 பாட்டு

இருதரப்பையும் சேர்த்துவைத்தவர் தயாரிப்பாளர் ரிக் ரூபின். ரேஜ் குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தைத் தயாரித்தவர் அவர்தான். இன்னொரு ராப் பாடகரைத் தேடிப் போனால் காலமெல்லாம் பழைய குழுவோடு ஒப்பிடுவார்கள். அதனால் முற்றிலும் வேறு மாதிரி பாடுகிறவர் வேண்டும் என்பது அவர் கணக்கு. மூவருக்கும் சவுண்ட்கார்டன் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டித்தான் கார்னெல் பெயரை முன்வைத்தார்.

2001 மே மாதம் நால்வரும் ஒத்திகை அறைக்குள் போனார்கள். 19 நாள் ஒத்திகையில் 21 பாட்டு தயார்.

இசையிலும் ஒரு மாற்றம் நடந்தது. ராப்புக்கு வாசிக்கும்போது ஒரே ரிஃப்பைத் திரும்பத் திரும்ப அடித்தாலே போதும். மேலே சொற்கள் ஓடும். மெட்டோடு பாடும் ஒருவர் வந்துவிட்டால் அது போதாது. அவர் குரல் ஏறி இறங்க கீழே கார்டுகள் மாற வேண்டும். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே இடம் விட வேண்டும். ரேஜ் மூவரும் அதுவரை அதிகம் செய்யாத வேலை இது. அதற்காக மொரெல்லோ தன் வித்தைகளை விட்டுவிடவில்லை. கிட்டாரில் உள்ள இரண்டு பிக்கப்புகளில் ஒன்றின் ஒலியை முழுதாக அடைத்து, மற்றதைத் திறந்து வைத்து, நடுவில் உள்ள சுவிட்சை வேகமாகத் தட்டி டிஜே ஸ்கிராட்ச் போன்ற சத்தம் எழுப்புவது அவர் பாணி. ஆடியோஸ்லேவின் முதல் சிங்கிள் 'கோச்சைஸ்' தொடங்கும்போது ஹெலிகாப்டர் நெருங்கி வருவது போல் கேட்கிறதே, அதுவும் கிட்டார்தான். எதிரொலிக் கருவியை இணைத்து, தந்திகளைப் பென்சிலால் தட்டி எடுத்த ஒலி.

ஆல்பம் வரும் முன்பே ஒரு முறிவு

பாட்டு எழுத 19 நாள்தான் ஆனது. ஆல்பம் கடைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. இடையில் நடந்தவை:

• மேலாளர் சண்டை: கார்னெலுக்கு ஒரு மேலாண்மை நிறுவனம், மற்ற மூவருக்கு இன்னொன்று. இருதரப்பும் மோதிக்கொண்டே இருந்தன. 2002 மார்ச்சில் 'ஓஸ்ஃபெஸ்ட்' சுற்றுப்பயணத்தில் குழு வாசிக்கும் என்று அறிவிப்பு வந்த சில நாட்களில் கார்னெல் விலகினார். பயணம் ரத்து. சில வாரங்களில் அவர் திரும்பி வந்தார். இரு மேலாளர்களையும் மாற்றிவிட்டுப் பொதுவாக ஒருவரை வைத்துக்கொண்டார்கள்.

• லேபிள் பங்கீடு: ரேஜ் ஆட்களின் ஒப்பந்தம் எபிக் நிறுவனத்தோடு. கார்னெலின் ஒப்பந்தம் இன்டர்ஸ்கோப் குழுமத்தோடு. யாருக்கு உரிமை? ஒரு ஆல்பத்தில் ஒருவர் பெயர் முன்னால், அடுத்ததில் மற்றவர் பெயர் முன்னால் என்று முறை வைத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட தொகுதிப் பங்கீடு மாதிரிதான்.

• கசிவு: 2002 மே மாதம், முடிக்கப்படாத 13 பாட்டுகள் இணையத்தில் கோப்புப் பகிர்வுத் தளங்களில் வெளியாகின. அப்போது குழுவுக்கு வைத்திருந்த பெயர் 'சிவிலியன்'. அதிகாரப்பூர்வ வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே பாதிப் பாட்டைப் பாதி வடிவத்தில் ரசிகர்கள் கேட்டுவிட்டார்கள்.

• பெயர்: 'ஆடியோஸ்லேவ்' என்று மாற்றினால், அதே பெயரில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஏற்கெனவே ஒரு சின்னக் குழு இருந்தது. இருவரும் பெயரைப் பயன்படுத்தலாம் என்று பணம் கொடுத்து சமரசம் செய்யப்பட்டது.

இந்த நான்கு சிக்கலில் ஒன்றுகூட இசை சம்பந்தப்பட்டதல்ல. ஒத்திகை அறையில் நாலு பேர்தான். வெளியே வந்தால் ஒவ்வொருவர் பின்னாலும் பழைய ஒப்பந்தமும் பழைய ஆட்களும் நின்றார்கள்.

பழைய பாட்டு கிடையாது

2002 நவம்பரில் முதல் ஆல்பம் 'ஆடியோஸ்லேவ்' வெளியானது. அதே மாதம் நியூயார்க்கில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சிக்காக, எட் சல்லிவன் அரங்கத்தின் வாசல் முகப்புக்கு மேலே ஏறி நின்று முதல் முறையாக வாசித்தார்கள். 'லைக் எ ஸ்டோன்' பாட்டு அமெரிக்க ராக் வானொலிப் பட்டியல்களில் முதலிடம் போனது. 2003-ல் 'லொல்லாபலூசா' சுற்றுப்பயணம். கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டார்கள், விருது கிடைக்கவில்லை.

ஆரம்பத்தில் மேடையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். சவுண்ட்கார்டன் பாட்டும் கிடையாது, ரேஜ் பாட்டும் கிடையாது. புதுப் பாட்டின் பலத்திலேயே குழு நிற்க வேண்டும் என்பது நோக்கம். இரண்டு பெரிய குழுக்களின் ஹிட் பாட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொடாமல் கச்சேரி செய்வது சாதாரணத் துணிச்சல் அல்ல.

கட்டுப்பாடு 2005-ல் தளர்ந்தது. அதே ஆண்டு மே 6-ம் தேதி கியூபத் தலைநகர் ஹவானாவில், கடற்கரையோரம் உள்ள ஏகாதிபத்திய எதிர்ப்புத் திடலில் இலவசக் கச்சேரி. அமெரிக்கப் பொருளாதாரத் தடை அமலில் இருந்த நாடு என்பதால் அமெரிக்க நிதித் துறையும் கியூபாவின் இசை நிறுவனமும் அனுமதி தர வேண்டியிருந்தது. கியூபாவில் திறந்தவெளியில் வாசித்த முதல் அமெரிக்க ராக் குழு என்ற பெயர் கிடைத்தது. பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்று மூன்று குழுக்களின் பாட்டும் ஒலித்தது. அந்த மாதமே வெளியான இரண்டாவது ஆல்பம் 'அவுட் ஆஃப் எக்ஸைல்' பில்போர்டில் முதலிடத்தில் நுழைந்தது.

பார்க்கிற யாரும் இதைத்தான் உச்சம் என்பார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிந்ததோடு ஆடியோஸ்லேவின் மேடை வாழ்க்கையும் முடிந்துவிட்டது.

எண்கள் சொல்வது என்ன?

மூன்று ஆல்பங்களும் பில்போர்டு 200 பட்டியலில் நுழைந்த இடத்தை முதலில் பாருங்கள்.

ஆடியோஸ்லேவ் (2002): 7-ம் இடம்
அவுட் ஆஃப் எக்ஸைல் (2005): 1-ம் இடம்
ரெவலேஷன்ஸ் (2006): 2-ம் இடம்

இதை மட்டும் வைத்தால் வளரும் குழு போலத் தெரியும். இப்போது அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் தந்த விற்பனைச் சான்றிதழ்களைப் பாருங்கள். அங்கே 5 லட்சம் பிரதிக்கு கோல்டு. 10 லட்சத்துக்கு பிளாட்டினம்.

ஆடியோஸ்லேவ்: மூன்று மடங்கு பிளாட்டினம், அதாவது 30 லட்சம்
அவுட் ஆஃப் எக்ஸைல்: பிளாட்டினம், 10 லட்சம்
ரெவலேஷன்ஸ்: கோல்டு, 5 லட்சம்

நான்கு ஆண்டுக்குள் ஆறில் ஒரு பங்கு.

இரண்டு அளவும் ஏன் எதிரெதிர்த் திசையில் போகின்றன? முதல் வாரப் பட்டியல் எதிர்பார்ப்பை அளக்கிறது. ஆல்பத்தைக் கேட்காமலேயே வாங்குகிறவர்கள்தான் முதல் வாரத்து ஆட்கள். சான்றிதழ், மாதங்கள் ஓடிய பிறகும் ஆல்பம் நகர்கிறதா என்று சொல்கிறது. ஆடியோஸ்லேவுக்குப் பெயர் வளர்ந்துகொண்டே போனது. ஆல்பத்தின் ஆயுள் குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் கணக்கில் இரண்டு எச்சரிக்கைகள். சான்றிதழ் என்பது லேபிள் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். எனவே அது குறைந்தபட்ச அளவு, துல்லிய விற்பனை அல்ல. இரண்டாவது, அந்த ஆண்டுகளில் இணையத்தால் எல்லோருடைய சிடி விற்பனையும் விழுந்தது. ஆனாலும் மொத்தச் சந்தை ஆறில் ஒரு பங்காகச் சுருங்கவில்லை.

மூன்றாவது ஆல்பத்துக்குச் சுற்றுப்பயணமே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராக் குழுவுக்குப் பயணம்தான் விளம்பரம், பயணம்தான் வருமானம். 2006 செப்டம்பரில் 'ரெவலேஷன்ஸ்' வந்தபோது கார்னெல் தனிப்பாதையில் இருந்தார். அந்த நவம்பரில் வெளியான ஜேம்ஸ் பாண்ட் படம் 'கசீனோ ராயல்'-க்கு முகப்புப் பாட்டு பாடினார். தனி ஆல்பமும் தயாராகிக்கொண்டிருந்தது. மொரெல்லோவும் 'நைட்வாட்ச்மேன்' என்ற பெயரில் அரசியல் நாட்டுப்புறப் பாட்டுகளைத் தனியே பாடிவந்தார். குழு உடையப்போகிறது என்று 2006 ஜூலையில் வந்த பேச்சை கார்னெல் மறுத்தார்.

2007: சில வாரங்களில் முடிந்த கதை

2007 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. கலிஃபோர்னியாவின் கோச்செல்லா விழாவில் ஏப்ரல் 29 அன்று ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் மீண்டும் சேர்ந்து வாசிக்கும். பிப்ரவரி 15 அன்று, சில வார இடைவெளியில், கார்னெல் ஓர் அறிக்கை விட்டார். தீர்க்க முடியாத ஆளுமை மோதல்களும் இசை வேறுபாடுகளும் இருப்பதால் ஆடியோஸ்லேவிலிருந்து நிரந்தரமாக விலகுவதாகவும், மற்ற மூவருக்கும் வாழ்த்துகள் என்றும் அதில் சொன்னார். அவ்வளவுதான்.

ரேஜ் திரும்பியதால் ஆடியோஸ்லேவ் உடைந்ததா, ஆடியோஸ்லேவ் ஏற்கெனவே உள்ளே உடைந்திருந்ததால் ரேஜ் திரும்ப முடிந்ததா? தேதி வரிசையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒன்று அடுத்து ஒன்று நடந்தது என்பதாலேயே ஒன்றால் ஒன்று நடந்தது என்றாகிவிடாது. 2005-க்குப் பிறகு மேடையில்லை, மூன்றாவது ஆல்பத்துக்குப் பயணமில்லை என்பதைப் பார்த்தால் விரிசல் முன்பே விழுந்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது.

காசுதான் காரணம் என்ற விளக்கத்துக்கும் தாளில் வலு குறைவு. வரிகள் கார்னெல், இசை நால்வரும் என்றே மூன்று ஆல்பத்திலும் பெயர் போட்டிருக்கிறார்கள். அரசியல்? மொரெல்லோ மேடைக்கு வெளியே சமூக நீதி அமைப்பு ஒன்றை நடத்தினார். கார்னெல் கட்சிக்கொடி பிடிக்கும் குழுவாக இருக்க விரும்பவில்லை. அது உரசலாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வேறுபாடு முதல் நாளிலிருந்தே இருந்தது. அதோடுதான் மூன்று ஆல்பம் செய்தார்கள்.

மாறியது ஒன்றுதான். 2001-ல் நால்வருக்கும் போக வேறு இடமில்லை. 2007-ல் இருந்தது.

மற்ற சூப்பர்குரூப்புகளுக்கும் இதே கதைதானா?

வெல்வெட் ரிவால்வர்: கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் ஸ்லாஷ், டஃப் மக்கேகன், மேட் ஸோரம், அவர்களோடு கிட்டாரிஸ்ட் டேவ் குஷ்னர், பாடகர், ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் குழுவின் ஸ்காட் வெய்லண்ட். 2004-ல் வந்த முதல் ஆல்பம் 'கான்ட்ராபாண்ட்' நேராக முதலிடம். கிராமி விருதும் கிடைத்தது. 2007-ல் இரண்டாவது ஆல்பம், 5-ம் இடம். 2008 ஏப்ரல் 1 அன்று வெய்லண்ட் வெளியேற்றப்பட்டார். மே மாதம் அவர் பழைய குழுவோடு மேடையில் இருந்தார்.

பேட் கம்பெனி: 1973-ல் தொடங்கிய இங்கிலாந்துக் குழு. பாடகர் பால் ராஜர்ஸும் டிரம்மர் சைமன் கிர்க்கும் 'ஃப்ரீ' குழுவிலிருந்து வந்தவர்கள். அந்தக் குழு முடிந்துபோனது. அதன் கிட்டாரிஸ்ட் பால் கோசாஃப் 1976-ல் இறந்துவிட்டார். பேட் கம்பெனியின் முதல் அணி 1982 வரை நீடித்தது. திரும்பிப் போகப் பழைய குழு இல்லாதவர்கள் அதிக காலம் தாங்கினார்கள்.

ப்ராஃபெட்ஸ் ஆஃப் ரேஜ்: மொரெல்லோ, கமர்ஃபோர்ட், வில்க் மூவரும் 2016-ல் சக் டி, பி-ரியல் ஆகிய ராப் பாடகர்களோடு தொடங்கியது. 2019-ல் ரேஜ் மறுபடியும் சேருவதாக அறிவிப்பு வந்தது. இந்தக் குழு முடிந்தது. அதே மூன்று பேர், அதே முடிவு, இரண்டாம் முறை.

கிரீம் மட்டும் விதிவிலக்கு. புரூஸும் பேக்கரும் முந்தைய குழுவிலிருந்தே அடித்துக்கொண்டவர்கள். பழைய வீடு யாரையும் அழைக்காமலேயே 1968 நவம்பரில் அது முடிந்தது. எனவே எல்லா சூப்பர்குரூப்புக்கும் பொருந்தும் விதி என்று இதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சூப்பர்குரூப் எவ்வளவு நாள் நிற்கும் என்று யாராவது கேட்டால், தாய்க்குழுக்களின் நிலவரத்தை முதலில் பாருங்கள்.

பிறகு என்ன ஆனது?

சவுண்ட்கார்டன் 2010-ல் திரும்பியது. 2012-ல் புது ஆல்பமும் தந்தது. ரேஜ் பலமுறை மேடை ஏறியது. ஆனால் 2000-க்குப் பிறகு ஒரு புது ஸ்டுடியோ ஆல்பம்கூட வரவில்லை. இனி சுற்றுப்பயணமோ கச்சேரியோ கிடையாது என்று பிராட் வில்க் 2024 ஜனவரியில் அறிவித்தார்.

ஆடியோஸ்லேவ் ஒரே ஒரு முறை மீண்டும் சேர்ந்தது. 2017 ஜனவரி 20, டொனால்ட் டிரம்ப் முதல் முறை அதிபராகப் பதவியேற்ற நாள். அதை எதிர்த்து லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த கச்சேரியில் நால்வரும் மூன்று பாட்டு வாசித்தார்கள். 11 ஆண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு முதல் மேடை. மனக்கசப்பு தீர்ந்துவிட்டது, இனி முழுப் பயணம் வரும் என்று ரசிகர்கள் நம்பினார்கள்.

நான்கு மாதம்கூட ஆகவில்லை. மே 17 இரவு டெட்ராய்ட்டில் சவுண்ட்கார்டன் கச்சேரியை முடித்துவிட்டு விடுதிக்குத் திரும்பிய கிறிஸ் கார்னெல், 18-ம் தேதி அதிகாலை இறந்தார். வயது 52. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் ஃபோரம் அரங்கில் அவருக்காக நடந்த அஞ்சலிக் கச்சேரியில் அவருடைய பாட்டுகளை மற்றவர்கள் பாடினார்கள். அந்தக் கச்சேரிக்கு வைத்த பெயர் 'ஐ ஆம் தி ஹைவே'. அது சவுண்ட்கார்டன் பாட்டின் பெயரல்ல. ஆடியோஸ்லேவின் முதல் ஆல்பத்தில் உள்ள பாட்டு.

ஹால் ஆஃப் ஃபேம் விதிப்படி முதல் வெளியீட்டிலிருந்து 25 ஆண்டுகள் ஆக வேண்டும். ஆடியோஸ்லேவின் முதல் ஆல்பத்துக்கு அந்தக் கணக்கு 2027-ல் நிறைகிறது. அதற்குப் பிறகு தேர்வுக்குழு என்ன சொன்னாலும், கேட்கத் தொடங்க உங்களுக்கு ஒரு சின்ன யோசனை: முதல் ஆல்பத்தை வரிசை மாற்றாமல் முதலிலிருந்து போடுங்கள். 19 நாளில் 21 பாட்டு எழுதிய நாலு பேருக்கு அப்போது எந்த அவசரமும் இல்லை, போவதற்கு வேறு இடமும் இல்லை. அது பாட்டில் கேட்கிறது.

சுருக்கமாக: தேதி வரிசை

1997 ஏப்ரல்: சவுண்ட்கார்டன் கலைந்தது
2000 அக்டோபர்: ரேஜ் குழுவிலிருந்து டி லா ரோச்சா விலகல்
2001 மே: நால்வரின் முதல் ஒத்திகை
2002 மார்ச்: கார்னெல் விலகல், சில வாரங்களில் திரும்புதல்
2002 நவம்பர்: முதல் ஆல்பம்
2005 மே: ஹவானா கச்சேரி, இரண்டாவது ஆல்பம்
2006 செப்டம்பர்: மூன்றாவது ஆல்பம்
2007 ஜனவரி: ரேஜ் மீண்டும் சேரும் என அறிவிப்பு
2007 பிப்ரவரி 15: கார்னெல் நிரந்தர விலகல்
2017 ஜனவரி 20: மூன்று பாட்டு, கடைசி மேடை